மருத்துவ முகாம் நோட்டு இப்போ யார்கிட்ட இருக்கு?

(பாப்பிரெட்டிப்பட்டியில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் நம் அணித் தம்பி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டதால் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிங்க, உங்க கிளைக் குழுவிலும் பகிருங்க.)



மேடையில இருக்குற ஒன்றியப் பொறுப்பாளர் அண்ணன்களே, மகளிர் அணி அக்காக்களே, பொம்மிடி, கடத்தூர், அரூர்ப் பக்கம் இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்குற தம்பி தங்கச்சிகளே. எனக்குக் கொடுத்த தலைப்பு வேற. தேர்தல் நேரத்துல வாட்ஸ்அப் குழுக்களை எப்படி நடத்துறதுன்னு பேசச் சொன்னாங்க. அண்ணன்கிட்ட கேட்டு மாத்திக்கிட்டேன். குழு நடத்துறதுக்கு முன்னாடி அந்தக் குழுவுக்குள்ள நாம என்னத்தைக் கொட்டி வச்சிருக்கோம்னு பேசணும்.

எங்க அக்காவுக்கு நடந்ததுல இருந்து ஆரம்பிக்கிறேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாப்பது நாள் இருக்கும். ஒரு போன் வந்துச்சு. நல்ல தமிழ், நம்ம பக்கத்துத் தமிழ். "சுகாதாரத் துறையில இருந்து பேசுறோம்மா, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல உங்களுக்கு ஒரு தவணை நிக்குது"ன்னு சொல்லியிருக்கான். அக்கா முதல்ல நம்பல. உடனே அவன் அக்கா பேரு, மாமா பேரு, குழந்தை பிறந்த தேதி, எந்த ஆஸ்பத்திரி, சுகப்பிரசவமா ஆபரேஷனா, பிக்மி நம்பர்ல கடைசி நாலு எண், எல்லாத்தையும் வரிசையா ஒப்பிச்சிருக்கான். இவ்வளவும் தெரிஞ்சவன் கவர்மெண்ட் ஆளாத்தானே இருப்பான்? அக்கா அப்படித்தான் நினைச்சுச்சு. வாட்ஸ்அப்ல ஒரு கியூஆர் கோடு வந்துச்சு. ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா பணம் ஏறும்னான். போட்டுச்சு. 8,400 ரூபாய் போச்சு. அது பணம் போடுற பின்னு, பணம் வாங்க பின்னே தேவையில்லைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நாப்பது நாளா தூங்காத தாய்க்கு அந்த நேரத்துல தோணுமா?

மறுநாள் சாயங்காலம்தான் எனக்குச் சொல்லுச்சு. 1930-க்கு அடிச்சோம், ஆன்லைன்லயும் புகார் பதிஞ்சோம். அதுக்குள்ள பணம் நாலு கணக்கு மாறிப் போயிடுச்சு. இந்த நம்பரை மட்டும் ஒரு தடவை அழுத்திச் சொல்றேன்: 1930. பணம் போன முதல் ஒரு மணி நேரத்துல அடிச்சா அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கு. வெட்கப்பட்டு ராத்திரி பூரா மறைச்சு வச்சா வாய்ப்பு போயிடும்.

அக்கா விவரம் அவனுக்கு எப்படிப் போச்சுன்னு நான் கோவத்துல தேட ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரியைத் திட்டினேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன். ரெண்டு நாள் கழிச்சு என் போன்ல தேடுற கட்டத்துல அக்கா பேரைப் போட்டுப் பார்த்தேன். நம்ம ஒன்றியக் குழுவுல ஒரு படம் வந்துச்சு. அக்காவோட தாய் சேய் அட்டை, ரெண்டு பக்கமும், தெளிவா. கூடவே வங்கிப் புத்தகத்தோட முதல் பக்கம். "தவணை வரல, யாராவது விசாரிச்சுச் சொல்லுங்க"ன்னு கீழே ஒரு வரி. அதைப் போட்டது நான்தான். அக்காவுக்கு அஞ்சாம் மாசம் நடக்கும்போது போட்டிருக்கேன். அந்தக் குழுவுல 600 பேருக்கு மேல. பாதிப் பேரை எனக்கு யாருன்னே தெரியாது. லிங்க் வச்சு உள்ள வந்தவங்க, வெளிய போனவங்க, சிம் மாத்தினவங்க.

அங்க இருந்துதான் போச்சான்னு என்னால நிரூபிக்க முடியாது. குழந்தை பிறந்த தேதியும் சுகப்பிரசவமா ஆபரேஷனாங்கறதும் அந்தப் படத்துல கிடையாது, அது வேற எங்கயோ இருந்து வந்திருக்கணும். ஆனா மத்த எல்லாமே அதுல இருந்துச்சு. அடுத்தவனைக் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி என் கை சுத்தமா இல்ல. அதுக்காகத்தான் இந்தத் தலைப்பு.

ஆஸ்பத்திரி விவரத்தைத் திருடி என்ன பண்ணப் போறான், எனக்குச் சக்கரை இருக்குறது தெரிஞ்சா அவனுக்கு என்ன லாபம்னு நினைக்கலாம். நம்ம தமிழ்நாட்டுல நடந்ததையே சொல்றேன். ஸ்டார் ஹெல்த், சென்னையைத் தலைமையிடமா வச்சிருக்குற மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. 2024 செப்டம்பர்ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒண்ணை வெளிய கொண்டு வந்துச்சு. டெலிகிராம்ல தானியங்கி பாட் போட்டு, அந்தக் கம்பெனி வாடிக்கையாளர்களோட ஆவணங்களை ஒருத்தன் எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தான். ராய்ட்டர்ஸ்காரங்களே 1,500-க்கு மேல ஆவணங்களை இறக்கிப் பார்த்தாங்க. அடையாள அட்டை நகல், முகவரி, பரிசோதனை முடிவு, என்ன நோய், எவ்வளவு கிளைம், எல்லாம். அதுல கேரளாவுல சிகிச்சை எடுத்த ஒரு வயசுக் குழந்தையோட ஆவணமும் இருந்துச்சு. அந்தக் குழந்தையோட அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சதே பத்திரிகைக்காரங்க கேட்டப்பதான். கம்பெனி அவருக்கு ஒரு தகவலும் சொல்லல.

தன்கிட்ட 3.1 கோடிப் பேரோட விவரம் இருக்கு, மொத்தம் 7.24 டெராபைட்னு அந்தத் திருடன் விளம்பரம் பண்ணான். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் அவன் மேலயும் டெலிகிராம் மேலயும் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்குச்சு. ஆரம்பத்துல பெரிய பாதிப்பு இல்லைன்னவங்க, அக்டோபர்ல சைபர் தாக்குதல் நடந்துச்சு, சில தரவுகளை அத்துமீறி எடுத்திருக்காங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததையும் சொன்னாங்க. நம்ம பணத்துல ஐம்பது, அறுபது லட்சம். 3.1 கோடிப் பேரு கணக்கு உண்மைன்னு வச்சுக்கிட்டு வகுத்துப் பாருங்க, ஒரு ஆளுக்கு இருபது பைசா கூட வராது. நம்ம உடம்போட ரகசியத்துக்கு அவன் போட்ட விலை அது.

ஏடிஎம் கார்டு தொலைஞ்சா மறுநாள் புது நம்பர் வாங்கிடலாம். பாஸ்வேர்டை மாத்திடலாம். ஆனா நமக்கு வந்த நோயை மாத்த முடியாது. கர்ப்பப்பை எடுத்தது, வலிப்பு மாத்திரை சாப்பிட்டது, மனநல டாக்டரைப் பார்த்தது, டி.பி. வந்து ஆறு மாசம் மருந்து எடுத்து முழுசா குணமானது, இதெல்லாம் ஒரு தடவை வெளிய போனா திரும்ப வராது. நம்ம ஊருல இதுக்கு ஹேக்கர் கூடத் தேவையில்லை. பொண்ணு பார்க்க வர்ற வீட்டுக்காரங்க மெடிக்கல் ஷாப்ல விசாரிப்பாங்க. அரூர்லயும் சேலத்துலயும் எந்த டாக்டர்கிட்ட போனாங்கன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. வலிப்புன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், நிச்சயம் நின்னுபோகும். மகளிர் அணி அக்காக்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். அதனாலயே மருந்தை மறைச்சுச் சாப்பிடுறாங்க, அப்புறம் நிறுத்திடுறாங்க. ரகசியம் காக்கலன்னா வைத்தியமே நடக்காது.

இன்ஜினியரிங் படிச்சுட்டு நீயே கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்றியான்னு கேக்காதீங்க. நான் அப்படிச் சொல்லல. எங்க பாட்டி மாசாமாசம் பிரஷர் மாத்திரைக்குப் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் வர வேண்டியதில்லாம இருக்குன்னா, மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து கொடுக்குறதாலதான். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம் அது. யாருக்கு என்ன மாத்திரைன்னு பதிஞ்சு வைக்கலன்னா அந்த அக்கா எதை எடுத்துட்டு வருவாங்க?

பதிவு இருந்தும் பயன்படுத்தலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு சாத்தூர் ஞாபகம் இருக்கா? 2018 டிசம்பர். கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்த ரத்தத்தை ஏத்திட்டாங்க. ரத்தம் கொடுத்த பையன் 2016-லயே ஒரு தடவை கொடுத்திருக்கான், அப்பவே கிருமி இருக்குறது பரிசோதனையில தெரிஞ்சிருக்கு. அவன்கிட்ட யாரும் சொல்லல. வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தப்ப அவனாவே தெரிஞ்சுக்கிட்டு, நல்ல மனசோட தானே வந்து ஆஸ்பத்திரியில சொன்னான். அதுக்குள்ள காலம் கடந்துடுச்சு. மனசு உடைஞ்சு அந்தப் பையனும் உயிரை விட்டுட்டான். ஒரு தகவல் போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்டயே போய்ச் சேரல. ஆகவே தகவலைப் பூட்டி வைக்கிறது மட்டும் பாதுகாப்பு இல்லைங்க. சரியான ஆளுக்குப் போகணும், தப்பான ஆளுக்குப் போகக் கூடாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் பாதுகாப்பு.

சரி, திருட்டு எப்படி நடக்குது? சினிமாவுல காட்டுற மாதிரி கருப்புத் திரையில பச்சை எழுத்து ஓடுறதெல்லாம் கிடையாது. பெரும்பாலும் ரொம்பச் சாதாரணமான தப்புதான்.

2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். காலையில சர்வர் படுத்துடுச்சு. அதுக்குப் பேரு ரான்சம்வேர். உள்ள புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிட்டு, சாவி வேணும்னா பணம் கொடுன்னு கேக்குறது. ஓ.பி. சீட்டுல இருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் எல்லாம் கையால எழுத வேண்டியதாப் போச்சு. ஒரு நாள் இல்ல, ரெண்டு வாரத்துக்குப் பக்கம். நாட்டோட மூலை முடுக்குல இருந்தெல்லாம் ஏழைங்க ரயில் ஏறிப் போற ஆஸ்பத்திரி அது. அஞ்சு சர்வர் பாதிக்கப்பட்டுச்சு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டுச்சு, நெட்வொர்க்கைச் சரியாப் பிரிச்சு வைக்காததுதான் காரணம்னு நாடாளுமன்றத்துலயே பதில் சொன்னாங்க.

நெட்வொர்க்கைப் பிரிக்கிறதுன்னா என்ன? வாணியாறு ஆயக்கட்டுல விவசாயம் பண்றவங்களுக்குச் சுலபமாப் புரியும். வரப்பு. ஒரு வயல்ல மருந்துத் தண்ணி கலந்துட்டா, வரப்பு இருந்தா அந்த வயலோட நிக்கும். வரப்பே இல்லன்னா பத்து ஏக்கருக்கும் போகும். ஆஸ்பத்திரியில பில் போடுற கம்ப்யூட்டர், எக்ஸ்ரே கம்ப்யூட்டர், ஆபீஸ்ல யாரோ மெயில் திறக்குற கம்ப்யூட்டர் எல்லாம் வரப்பில்லாத ஒரே வயலா கிடந்தா, ஒருத்தர் தப்பான லிங்க்கை அழுத்தினதுக்கு ஐ.சி.யூ. வரைக்கும் நிக்கும். எய்ம்ஸ்க்கு ஒரு நல்லது இருந்துச்சு. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் தனியா இருந்துச்சு, அதுல இருந்து தரவை மீட்டாங்க. நம்ம ஊர்ல விதைநெல்லை எதுக்குத் தனியா எடுத்து வைப்பாங்களோ அதேதான் பேக்கப்.

இங்கிலாந்துலயும் இதே கதைதான். 2017 மே 12, வான்னாக்ரைன்னு ஒரு ரான்சம்வேர். அவங்க அரசு மருத்துவத் துறையில குறைஞ்சது 80 மருத்துவமனை அமைப்புகள் பாதிக்கப்பட்டுச்சு, சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்லயே கொடுத்துட்டாங்க. போடல. நம்ம போன்ல அப்டேட் கேட்டா நாமளும் "அப்புறம்"னுதானே அழுத்துறோம்?

அடுத்தது கோவின். 2023 ஜூன் 12. டெலிகிராம்ல ஒரு பாட், போன் நம்பர் கொடுத்தா போதும், அந்த ஆள் பேரு, பிறந்த வருஷம், தடுப்பூசிக்குக் கொடுத்த ஆதார் நம்பர், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்துச்சு. தளம் முழுப் பாதுகாப்பா இருக்கு, செய்தி ஆதாரமில்லாததுன்னு சுகாதார அமைச்சகம் அறிக்கை விட்டுச்சு. பத்து நாள்ல டெல்லி போலீஸ் பீகார்ல ஒரு ஆளைப் பிடிச்சாங்க. அவன் அம்மா சுகாதாரப் பணியாளர்னு செய்தி வந்துச்சு. எனக்கு அதுல புரிஞ்சது என்னன்னா, கோட்டைச் சுவர் எவ்வளவு உயரமா இருந்தாலும் வாசல் சாவி எத்தனை பேர்கிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி. ஒரே லாகின்ல அஞ்சு பேரு வேலை செஞ்சா, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சா, யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாது. இதுக்கு நர்ஸ் அக்காவைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஒரு ஆளுக்கு நாலு ஆள் வேலையைக் கொடுத்துட்டு நாலு ஆப்ல பதிவேத்தச் சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?

மூணாவது, மகளிர் அணி அக்காக்கள் கவனிக்கணும். 2025 பிப்ரவரி, குஜராத் ராஜ்கோட். ஒரு மகப்பேறு மருத்துவமனை. பெண்களைப் பரிசோதிக்கிற அறையில இருந்த சிசிடிவி காட்சிகள் யூடியூப்லயும் டெலிகிராம்லயும் விற்பனைக்கு வந்துச்சு. கேமராவோட பாஸ்வேர்டு என்ன தெரியுமா? அட்மின்123. கம்பெனியில இருந்து வரும்போதே இருந்த பாஸ்வேர்டு, யாரும் மாத்தல. பின்னாடி ஒரு அண்ணன் சிரிக்கிறாரு. அண்ணே, நம்ம ஆபீஸ் வாசல்ல இருக்குற கேமராவோட பாஸ்வேர்டு என்னன்னு கூட்டம் முடிஞ்சதும் எனக்குச் சொல்லுங்க. பரிசோதனை அறையில கேமரா எதுக்குங்கறது முதல் கேள்வி. எந்த ஆஸ்பத்திரியில பார்த்தாலும் கேளுங்க. கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

உரிமைன்னு சும்மா வார்த்தைக்குச் சொல்லல. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்புக் கொடுத்தாங்க. வழக்குப் போட்டவர் கர்நாடகாவோட ஓய்வு பெற்ற நீதிபதி. எச்.ஐ.வி. இருக்குறவங்களுக்குன்னு 2017-ல தனிச் சட்டமே வந்துச்சு, அவங்க சம்மதம் இல்லாம நிலைமையை வெளிய சொல்லக் கூடாதுன்னு. 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. தரவைச் சரியாப் பாதுகாக்கலன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். ஆனா விதிகள் வந்ததே 2025 நவம்பர்லதான், முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதுல இருந்து 18 மாசம். இன்னொரு குறை எனக்குப் பெருசாத் தெரியுது. 2011 விதிகள்ல மருத்துவப் பதிவேட்டை 'உணர்திறன் மிக்க தகவல்'னு தனியாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. புதுச் சட்டத்துல அந்தப் பிரிவே கிடையாது. உங்க பீட்சா ஆர்டரும் உங்க பிரசவக் குறிப்பும் சட்டத்தோட கண்ணுக்கு ஒரே ரகம். இதைப் பத்தி நாம கண்டிப்பாப் பேசணும், எழுதணும்.

ஆஸ்பத்திரியில ஆபா கார்டு எடுங்கன்னு சொல்றாங்க. 14 இலக்க நம்பர். வசதியானதுதான், பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். ஆனா அது கட்டாயம் இல்ல, விருப்பம். அது இல்லன்னு சொல்லி யாருக்கும் வைத்தியத்தை மறுக்க முடியாது. இதை நம்ம பூத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்க. வேணும்னு நினைக்கிறவங்க எடுத்துக்கட்டும், எதுக்குச் சம்மதம் கேக்குறாங்கன்னு படிச்சுட்டு அழுத்தட்டும்.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

காப்பீட்டு அட்டை எடுக்கணும், ரேஷன் கார்டுல பேரு சேர்க்கணும், சேலத்துல ஆபரேஷனுக்கு ஒரு போன் போடணும்னு ஜனங்க நம்மகிட்ட வர்றாங்க. நம்பி வர்றாங்க. நாம என்ன பண்றோம்? "ஆதாரையும் ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்ல அனுப்பி விடுங்கம்மா." வந்தது நம்ம கேலரியில சேருது. அது தானா கூகுள் போட்டோஸ்க்கு ஏறுது. நாம கிளைக் குழுவுக்குத் தள்ளுறோம், அங்க இருந்து ஒன்றியம், அங்க இருந்து மாவட்டம். வேலை ஒரு வாரத்துல முடிஞ்சுடும். அந்தப் படம் எத்தனை போன்ல எத்தனை வருஷம் இருக்கும்? பழைய போனைச் சரி பண்ணக் கடையில கொடுக்குறோமே, லாக் நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுக்குறோமே, அப்ப அந்த அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டும் சேர்ந்துதான் போகுது.

பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பாருங்க. பிரிண்ட் எடுக்க எல்லாரும் ஒரே நம்பருக்கு வாட்ஸ்அப் அனுப்புறோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தா ஊர்ல பாதிப் பேரோட ஆதாரும் ரிப்போர்ட்டும் அங்க கிடக்கும். கடைக்காரர் மேல தப்புச் சொல்லல, அவருக்கு அழிக்க நேரம் இல்ல. நாம பக்கத்துல நின்னு "அண்ணே, அதை டெலிட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு வரணும். ஆதார் கொடுக்கணும்னா கடைசி நாலு எண் மட்டும் தெரியுற மாதிரி மறைச்ச ஆதார் இருக்கு, ஆதார் தளத்துலயே இறக்கிக்கலாம். பல இடத்துக்கு அதுவே போதும். பேப்பரும் இதே கதைதான். ஒரு தடவை டீக்கடையில பஜ்ஜி மடிச்சுக் கொடுத்த பேப்பரைப் பிரிச்சா யாரோ ஒருத்தரோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பேரு வயசோட. எண்ணெயில நனைஞ்சும் பேரு தெளிவா தெரிஞ்சுச்சு.

ரத்தம் வேணும்னு போடுற பதிவு. நல்ல வேலை, நம்ம அணி பெருமைப்படுற வேலை. ஆனா அதுல நோயாளி பேரு, நோய், வார்டு நம்பர், அட்மிஷன் சீட்டுப் படம் எதுக்கு? ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, நம்ம பொறுப்பாளர் ஒருத்தர் போன் நம்பர், எத்தனை மணி வரைக்கும். இது போதும். ரத்தம் கிடைச்சதும் பதிவை எடுத்துடணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்ட பதிவு இன்னும் சுத்துது, அந்த நோயாளி இறந்தே போயிட்டாரு, அவர் வீட்டுக்கு இன்னும் போன் வருது. ஒவ்வொரு போனுக்கும் அந்தப் பொண்ணு "அப்பா இல்லீங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கு.

கடைசியா, மருத்துவ முகாம். போன வருஷம் நாம நடத்துன முகாம்ல பேரு, ஊரு, போன் நம்பர், சக்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவுன்னு மூணு நோட்டுல எழுதினோம். அப்புறம் நான்தான் அதை எக்செல்ல ஏத்தினேன். 1,140 பேரு. அதை அப்படியே பிராட்காஸ்ட் லிஸ்ட் ஆக்கினோம். நம்ம ஒன்றியத்துலயே சுத்தமான லிஸ்ட் அதுதான், ஒவ்வொரு நம்பரும் உண்மையான நம்பர். நம்ம வீடியோ அதிகமாப் போறதே அதனாலதான். போன மாசம் ஒரு பெரியவர் ஆபீஸுக்கே வந்து கேட்டாரு: "தம்பி, சக்கரைக்கு மருந்து விக்கிறவன் எனக்கு போன் பண்றான். எனக்குச் சக்கரை இருக்குன்னு நான் உங்க முகாம்ல மட்டும்தானே சொன்னேன்?" எங்கிட்ட பதில் இல்ல. அந்த எக்செல் ஃபைல் எத்தனை பேருக்குப் போயிருக்குன்னு திரும்பிப் பார்த்தா, நான் அனுப்பினது நாலு பேருக்கு. அந்த நாலு பேரு எத்தனை பேருக்கு அனுப்பினாங்க?

அதனால நான் கேக்குறது இதுதான். அந்த லிஸ்ட்டை அழிக்கணும். தேர்தல் வர்ற நேரத்துல இது வலிக்கும்னு தெரியும். மேடையில அண்ணன் முகம் மாறுறதும் தெரியுது. "அந்தக் கட்சிக்காரன் வச்சிருக்கானே, அவன் அழிப்பானா?"ன்னு கேப்பீங்க. அவன் அழிக்க மாட்டான். ஆனா அந்தப் பெரியவர் சக்கரை பார்க்கத்தான் கையை நீட்டினாரு. ஓட்டுக் கேக்க நம்பர் கொடுக்கல. எதுக்காக வாங்கினோமோ அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும்னு சட்டமே சொல்லுது. சட்டத்தை விடுங்க, நம்ம வீட்டுப் பெரியவரா இருந்தா என்ன செய்வோம்? எய்ம்ஸ்ல வரப்பு இல்லன்னு பதிவு போடுறோம், ஸ்டார் ஹெல்த்தைக் கேள்வி கேக்குறோம். நாளைக்கு ஒருத்தன் நம்ம எக்செல் ஃபைலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டா எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பதில் சொல்லுவோம்?

பழைய லிஸ்ட்டுக்குப் பதிலா புதுசா ஒண்ணு எடுக்கலாம். வீடு வீடாப் போய், "கட்சிச் செய்தி அனுப்பலாமா?"ன்னு கேட்டு, சரின்னவங்க நம்பரை மட்டும். 1,140-ல 300 பேரு சரின்னாலும் போதும். அந்த 300 பேரு நம்ம செய்தியைத் திறந்து பார்ப்பாங்க. அடுத்த முகாம்ல நோய் விவரத்தை நாம எழுத வேண்டாம். டாக்டர் சீட்டுல எழுதி நோயாளி கையிலயே கொடுக்கட்டும். நமக்கு எத்தனை பேரு வந்தாங்கங்கற எண்ணிக்கை மட்டும் போதும், பத்திரிகைச் செய்திக்கும் அதுதான் தேவை. டோக்கன் போடுற இடத்துல சத்தம் போட்டு நோயைக் கேக்காதீங்க, பொண்ணுங்க வரிசையில நிக்கும்போது முகாம்னு சொல்லி முகத்தைப் படம் எடுத்துப் போடாதீங்க.

மூணு நோட்டுல ஒண்ணு எங்கிட்ட இருக்கு, இதோ கொண்டு வந்திருக்கேன். இன்னொண்ணு கடத்தூர் தம்பிகிட்ட இருக்குன்னு நினைக்கிறேன். மூணாவது யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியல. வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில 10 மணிக்கு இதே ஆபீஸ். எக்செல் ஃபைல் வந்த எல்லாரும் போனோட வாங்க, உக்காந்து ஒண்ணொண்ணா அழிக்கலாம், கூகுள் டிரைவ்லயும் எப்படித் தேடி எடுக்குறதுன்னு நான் காட்டுறேன். அந்தப் பெரியவரையும் வரச் சொல்லியிருக்கேன். அந்த மூணாவது நோட்டு யார்கிட்ட இருக்கோ, தயவுசெஞ்சு எடுத்துட்டு வாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்.